வெறும் பாத்தியும் ஐம்பது பவுண்டும்: ஏற்காட்டுத் தங்கச்சிக்கு

கண்ணு, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். ஏற்காட்டிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, புதிதாகக் கட்டிய வாடகை வீடு, பின்பக்கம் பலகை வேலியை ஒட்டி இருபதடி நீளம் நாலடி அகலத்துக்கு வெயில் படுகிற வெறும் மண் கிடக்கிறது, கையில் ஐம்பது பவுண்டு இருக்கிறது, என்ன செடி வாங்கி வைக்கலாம் அக்கா என்று கேட்டிருக்கிறாய். கூடவே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், குளிருக்குக் கோட்டு, நம் ஊர் அரிசி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் சொல்ல அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரிசிக்கு பெல்கிரேவ் ரோட்டுப் பக்கம் போ, கோட்டு ஜனவரித் தள்ளுபடியில் வாங்கு, பள்ளிக்கூடத்துக்குக் கவுன்சிலில் விசாரி. நான் பாத்தியைப் பற்றி மட்டும்தான் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அந்த ஐம்பது பவுண்டை எங்கே, எந்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பாய் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

இப்போது லீவில் சேலம் கன்னங்குறிச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மாசி பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் காலை பத்து மணிக்கு மாடியில் கால் வைக்க முடியவில்லை. இங்கிருந்து பார்த்தால் உன் மலை முழுசாகத் தெரிகிறது. ராத்திரியில் மேலே போகிற வண்டிகளின் விளக்கு ஒவ்வொரு வளைவாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் கேள்வி வந்தது.

நான் 2003 நவம்பரில் நர்ஸ் வேலைக்கு லெஸ்டர் வந்தவள். அப்பா சேலத்தில் குகை என்கிற பகுதியில் கைத்தறி நெய்தவர். எங்கள் வீட்டில் தோட்டம் என்று ஒன்று கிடையாது, வாசலில் எண்ணெய் டின்னில் துளசி, ஒரு குண்டுமல்லி, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு முருங்கை, அவ்வளவுதான். லெஸ்டரில் மத்தியானம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. துக்க வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. முதல் ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரி விடுதியில். 2005இல் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்த பிறகு பின்னால் தோட்டம் இருக்கிற வாடகை வீடு ஒன்றைப் பிடித்தோம். அந்த ஏப்ரலில் சேர்ந்தாற்போல் நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. செடி விற்கிற பெரிய கடைக்குப் போனோம். வாசலிலேயே தட்டுத் தட்டாகச் செண்டுமல்லி. நம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்குமே, அதே செண்டுமல்லி. பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தட்டுத் தட்டாக எடுத்தேன். ஜெரேனியம், தக்காளி நாற்று என்று மொத்தம் எண்பது பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு கிட்டத்தட்ட எண்பது ரூபாய். அந்த மாதம் அப்பாவுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைத்துத்தான் வாங்கினேன்.

மே முதல் வாரத்தில் ஒரு நாள் நைட் டூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். புல் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. செண்டுமல்லி அத்தனையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி கறுத்து மடங்கிக் கிடந்தது. இலையைத் தொட்டேன், விரலோடு ஒட்டிக்கொண்டு கூழாக வந்தது. ஓரத்தில் தப்பிய நாலைந்தையும் அடுத்த வாரத்தில் ஓடில்லாத நத்தை தின்றுவிட்டது. ஒரே ராத்திரி. காலையில் காம்பு மட்டும் பென்சில் மாதிரி நின்றது, பக்கத்தில் வெள்ளியாய்ப் பளபளவென்று அது ஊர்ந்த தடம்.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. கண்ணாடிக் கொட்டகையில் சூடு கொடுத்து வளர்த்ததை மார்ச்சிலேயே வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு அதை எப்போது வெளியே வைக்கலாம் என்று தெரியும். நமக்குத் தெரியாது. நம்மிடம் யாரும் சொல்வதும் இல்லை. எனக்கு முன்னால் பத்து வருடம் அங்கேயே இருந்த நம் ஆட்களிடம் கேட்டேன், "இந்த ஊர் மண்ணுல ஒண்ணும் வராது, கல்லைப் போட்டு மூடிட்டு வேற வேலையைப் பாரு" என்றார்கள். அந்தப் பேச்சை மட்டும் நீ காதில் வாங்காதே. மண்ணில் வரும், எல்லாம் வரும். பட்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்கிறோம் இல்லையா. லெஸ்டருக்கும் பட்டம் இருக்கிறது. அம்மா வருடாவருடம் அனுப்புகிற தினசரி காலண்டரைச் சமையல்கட்டில் மாட்டி வைத்திருப்பேன். அதில் குறித்துக் குறித்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பங்குனி பாதிக்கு மேல், அதாவது மார்ச் கடைசியில், குளிர் தாங்குகிற விதையை நேராக மண்ணில் தூவலாம். வைகாசி பிறக்கிறவரை, அதாவது மே பாதி தாண்டுகிறவரை, குளிர் தாங்காத எதையும் வெளியே நடக்கூடாது, எத்தனை வெயில் அடித்தாலும் சரி, பகல் வெயிலை நம்பி ஏமாறக்கூடாது. புரட்டாசியில், செப்டம்பர் பின்பாதியில், பல வருடம் நிற்கிற செடிகளைப் பிரித்து நடலாம், அப்போது மண்ணில் கோடையின் சூடும் இருக்கும், மழையும் வந்துவிடும். கார்த்திகையில் துலிப் கிழங்கு. இந்த நாலைத் தெரிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம். இருபது வருடமாக இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

சரி, உன் வெயிலுக்கு வருகிறேன். நீ வந்தது ஜூலை வாக்கில். அப்போது பார்த்து வெயில் படுகிற இடம் என்று முடிவு கட்டியிருப்பாய். சேலத்தில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சிப்பொழுதில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், நிழல் காலடியிலேயே இருக்கும். லெஸ்டரில் எந்த நாளும் அப்படி வராது. ஜூனில் பகல் கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம், சூரியன் ஓரளவு மேலே ஏறும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, உச்சிப்பொழுதிலேயே சூரியன் அடிவானத்துக்குப் பதினாலு டிகிரி மேலேதான் நிற்கும். ஆறடி வேலியின் நிழல் அப்போது இருபத்துநாலு அடி நீளம் விழும். ஆகவே உன் பாத்தி எந்த வேலியை ஒட்டி இருக்கிறது என்று பார். வடக்கு வேலியை ஒட்டித் தெற்கு பார்த்து இருந்தால் அதிர்ஷ்டம், வருடம் முழுக்க வெயில். தெற்கு வேலிக்கு அடியில் இருந்தால் கோடையில் மட்டும்தான். அதுவும் பரவாயில்லை, குளிர்காலத்தில் பெரும்பாலான செடி தூங்கத்தான் போகிறது. இன்னொன்று, வேலிக்கு ஓரடி தூரம்வரை மழைச்சாரல் சரியாக விழாது, அங்கே மண் காய்ந்தே கிடக்கும். செடியை ஒண்ணரை அடி தள்ளி வை.

அப்புறம் மண். புது வீடு என்கிறாய், அதுதான் எனக்குக் கவலை. வீடு கட்டும்போது மேல்மண் போய்விடும், வண்டி ஏறி ஏறி அடிமண் இறுகிவிடும், கடைசியில் மேலே நாலு அங்குலம் மண்ணைப் பரப்பி ஒப்படைப்பார்கள். ஒரு முழம் தோண்டிப் பார், செங்கல் துண்டு, காரைக்கட்டி, பிளாஸ்டிக் பட்டை எல்லாம் வரும். எடுத்துப் போடு. அதற்குக் கீழே அந்தப் பக்கம் பெரும்பாலும் களிமண்தான். ஈரமாக ஒரு கை எடுத்து உருட்டிப் பார். முறுக்கு மாதிரி நீளமாக வந்து, வளைத்தாலும் உடையாமல் வளையமாக நின்றால் அது சுத்தக் களிமண். நம் பிள்ளையார் சதுர்த்திப் பிள்ளையாருக்கு மூக்கு பிடிப்பார்களே, அந்த மாதிரி மண். பயப்படாதே, களிமண் ஏழை மண் இல்லை, சத்தைப் பிடித்து வைத்திருக்கிற மண். ஆனால் மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, வீட்டுத் தோட்டத்தில் போடுகிற அளவு மணலும் களியும் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரிதான் ஆகும். மக்கிய குப்பை மட்டும்தான் அதற்கு மருந்து. மூக்கனேரி வற்றுகிற வருடங்களில் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவார்களே, அந்தப் புத்தி எந்த ஊருக்கும் பொருந்தும். ஈரமாக இருக்கும்போது களிமண்ணில் ஏறி மிதிக்காதே, ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்.

இப்போது கணக்குப் போடு. இருபதுக்கு நாலு, எண்பது சதுர அடி. அதன்மேல் ரெண்டு அங்குலம் கம்போஸ்ட் பரப்ப வேண்டுமென்றால் ஐம்பது லிட்டர் மூட்டை ஏழெட்டு வேண்டும். உன் ஐம்பது பவுண்டு அங்கேயே முடிந்துவிடும். எண்பது சதுர அடியை நிரப்ப நாற்பது செடியாவது வேண்டும், கடையில் ரெண்டு லிட்டர் தொட்டியில் இருக்கிற செடி எட்டு பத்து பவுண்டு என்றால் எவ்வளவு ஆச்சு என்று நீயே பார். அதனால்தான் சொல்கிறேன், இந்த வருடம் செடி வாங்குகிற வருடம் இல்லை, விதைக்கிற வருடம். கம்போஸ்ட் மூன்று மூட்டை மட்டும் வாங்கி, விதை விழுகிற வரிசையிலும் செடி வைக்கிற குழியிலும் கலந்து விடு. மீதிக்கு வீட்டுக் காய்கறித் தோல், அட்டைப்பெட்டி, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் ஒரு மூலையில் இப்போதிருந்தே மக்க வை. சில கவுன்சில்கள் பச்சைக் கழிவை மக்க வைத்து மலிவாக விற்கின்றன, விசாரி. விதைக்கு எட்டு பவுண்டு ஒதுக்கு. உள்ளங்கை அளவுத் தொட்டியில் இருக்கிற பல வருடச் செடி மூன்று வாங்கு, பெரிய தொட்டி வேண்டாம், ரெண்டு வருடத்தில் ரெண்டும் ஒரே உயரம் வந்துவிடும். கடைசிப் பத்து பவுண்டைத் தொடாதே. கிழங்கு விற்கிறவர்கள் நவம்பர் கடைசி, டிசம்பரில் மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், அப்போது எடு. மண்வெட்டி, களைக்கொத்து எதையும் புதிதாக வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள், மரப்பிடி போட்ட பழைய மண்வெட்டி கொஞ்சம் காசுக்கே கிடைக்கும், புதுசைவிட உறுதியாகவும் இருக்கும்.

முதல் விதை உன் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. முழுக் கொத்தமல்லியை ஒரு கைப்பிடி எடுத்துப் பூரிக்கட்டையால் லேசாக ஒரு உருட்டு உருட்டு, ஒவ்வொன்றும் ரெண்டாகப் பிளக்கும், ஒரு காய்க்குள் ரெண்டு விதை. பங்குனி கடைசி வாக்கில் ஒரு நாள் ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் தூவு. பாதிக்குமேல் முளைத்துவிடும். இலைக்குப் பறித்தது போக மீதியைப் பூக்க விட்டுவிடு. ஜூனில் வெள்ளைப் பூ குடை குடையாக விரியும், அதற்குத் தேனீ மாதிரி கோடு போட்ட ஒரு சின்ன ஈ வரும், அந்த ஈயின் புழு அசுவினியைத் தின்று தீர்க்கும். மருந்துச் செலவு மிச்சம். அந்தப் பூ நுரை மாதிரி நடுவில் நின்றால் மற்ற பூவெல்லாம் அதனால் அழகாகத் தெரியும். என் வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் இது என்ன செடி என்று கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது காலண்டுலா, அதுவும் பங்குனியில் நேராகத் தூவலாம், ஆரஞ்சு நிறத்தில் செண்டுமல்லிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், உறைபனி அதை ஒன்றும் செய்யாது. செண்டுமல்லி ஏக்கம் எனக்குத் தீர்ந்தது அந்தப் பூவால்தான். மூன்றாவது காஸ்மாஸ். இதைச் சித்திரை தொடக்கத்தில் தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு ஜன்னலோரம் விதை, வைகாசி பிறந்த பிறகு வெளியே நடு. அதற்கு முன்னால் ஒரு வாரம் பகலில் வெளியே, ராத்திரி உள்ளே என்று பழக்கு. ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, கிள்ளும்போது மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளு, அப்போதுதான் கிளை கட்டும். வாடின பூவை வாரம் ரெண்டு தரம் எடுத்தால் ஆடியிலிருந்து ஐப்பசியில் முதல் உறைபனி விழுகிறவரை பூக்கும். ஒரு பாக்கெட் போதும், உன் பாத்தியில் பாதி நிறைந்துவிடும். கடைசிப் பூக்களை முற்ற விட்டு விதையை எடுத்துக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வை, அடுத்த வருடத்துக்குச் செலவே இல்லை.

வாங்குகிற மூன்று செடியில் ஒன்று லாவெண்டராக இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லோருக்கும் அந்த ஆசை வருகிறது. அது குளிரில் சாவதைவிடக் குளிர்கால ஈரத்தில் அழுகிச் சாவதுதான் அதிகம். களிமண்ணில் வைக்கிறதென்றால் ஒரு ஜாண் மேடு கட்டி அதன்மேல் வை. மற்ற ரெண்டும் ஹார்டி ஜெரேனியம் என்கிற குளிர் தாங்குகிற ஜெரேனியம், நெப்பெட்டா என்கிற ஊதாப் பூச்செடி. ரெண்டும் பெரும்பாலான மண்ணில் நிற்கும், ரெண்டு மூன்று வருடத்தில் பிரிக்கிற அளவு பரவும். பிரிப்பது என்றதும் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வருகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். லெஸ்டர் ஒரு காலத்தில் காலுறை, பனியன் பின்னுகிற ஊர், அவர் அந்த மில்லில் பின்னல் இயந்திரம் பழுது பார்த்தவர். என் கறுத்த செண்டுமல்லியை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் கூப்பிட்டார். ஒரு பெரிய ஜெரேனியப் புதரைத் தோண்டிப் புல்மேல் போட்டிருந்தார். இரும்புப் பல் வைத்த ரெண்டு கவைக்கம்பை முதுகோடு முதுகு சேர்த்து நடுவில் குத்தி, ரெண்டு கையாலும் அகட்டினார். வேர் நறநறவென்று பிரிந்தது. எனக்குப் பகீர் என்றது. "இப்போ நீ பண்ணு" என்று கம்பை என் கையில் கொடுத்தார். ஒன்று ரெண்டாகி, ரெண்டு நாலாகி, கடைசியில் ஏழு துண்டு, எல்லாம் எனக்கே. அடுத்த ஜூனில் ஏழும் நீலமாகப் பூத்தது.

அப்பா தறி நெய்கிறவர் என்று அவரிடம் சொன்னேன். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் தறியைப் பற்றித்தான் கேட்பார். பாவு நூல் எத்தனை முழம், குறுக்கே ஓடுகிற ஊடை அறுந்தால் என்ன செய்வீர்கள், அதை ஓட்டுகிற நாடா எந்த மரத்தில் செய்வது. எனக்குத் தெரியாததை அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். அப்பாவும் இங்கிருந்து அவரிடம் கேட்கச் சொல்லிக் கேள்வி அனுப்புவார், மிஷின்ல ஊசி உடைஞ்சா மொத்தத்தையும் நிறுத்துவீங்களா என்று. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பெரியவர் 2016இல் போய்விட்டார், அப்பா அதற்கு அடுத்த வருடம்.

அந்த வீட்டை அவர் மகள் விற்றுவிட்டாள். வாங்கியவர் நம் ஆள்தான், தமிழர், நல்ல மனிதர், நல்ல சம்பளம். வந்த முதல் மாதமே பின்பக்கம் முழுவதையும் வழித்துப் பிளாஸ்டிக் புல் விரிக்க ஆள் கூப்பிட்டார். முப்பது வருடச் செடி. நான் போய் நின்றேன், "அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுங்கள், தோண்டிக்கொள்கிறேன்" என்றேன். கொடுத்தார். நானும் பிள்ளைகளும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தோண்டினோம், சாக்கு சாக்காக இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான், கண்ணு. ஊரில் கால் கிரவுண்டு மண்ணுக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள், அங்கே வீட்டோடு சேர்ந்து வருகிற மண்ணைப் பிளாஸ்டிக் போட்டு மூடுகிறார்கள். கோடையில் அது சுடும், பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்க முடியாது, அதற்கு அடியில் மண்புழு குறைந்துபோகும். அது வேலையில்லாத தோட்டம் என்று சொல்கிறார்கள். அது தோட்டமே இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் பெட்டியில் கறிவேப்பிலைக் கன்றையும் மல்லிகைப் பதியனையும் ஒளித்துக் கொண்டுவருகிறவர்கள். நீ மார்ச்சில் ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறாய், அதனால் சொல்கிறேன். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடியைக் கொண்டுவரக்கூடாது, நடுவதற்கான விதைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, நம் ஊர் மண்ணைக் கொண்டுவரவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் விமான நிலையத்தில் ஈரத்துணியில் சுற்றின கன்றோடு பிடிபட்டு, கன்று குப்பைத்தொட்டிக்குப் போனது. அவர் அதிகாரிகளைத் திட்டினார். நான் அவரைத்தான் திட்டினேன். செடியோடு பூச்சியும் நோயும் வரும், ஒரு காபித் தோட்டத்தில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று ஏற்காட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறிவேப்பிலைக் கன்று அங்கேயே கிடைக்கிறது, வீட்டுக்குள் ஜன்னலோரம்தான் வளரும், பாத்தியில் நட்டால் முதல் குளிரிலேயே போய்விடும். நம் ஆட்களே அதை நம் ஆட்களிடம் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள், அவசரப்பட்டு வாங்காதே, நான் ஒன்று தருகிறேன்.

நத்தைக்கு மருந்து வாங்கினால் இரும்புப் பாஸ்பேட் போட்டதை மட்டும் வாங்கு. மெட்டல்டிஹைடு உருண்டை 2022லிருந்து வெளியில் போடத் தடை, யாராவது கராஜில் மிச்சம் இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதே, நாயும் முள்ளெலியும் செத்துப்போகும். நான் இப்போது மருந்தே போடுவதில்லை, இருட்டினதும் டார்ச்சோடு போய்ப் பொறுக்கிவிடுகிறேன். குதிரைச்சாணம் இலவசம் என்று சில லாயங்களில் எழுதிப் போட்டிருப்பார்கள். நல்ல உரம்தான், ஆனால் சில வைக்கோலில் களைக்கொல்லி தங்கிச் சாணத்தோடு வந்துவிடும், தக்காளி, பீன்ஸ் எல்லாம் சுருண்டுபோகும். ஒரு தொட்டியில் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பார்த்துவிட்டுப் பாத்தியில் போடு.

விஷச் செடியைப் பற்றி ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், இதை உன் மாமியாருக்கும் படித்துக் காட்டு, கோடையில் வருகிறார் என்று எழுதியிருக்கிறாயே. நம் பெரியவர்கள் பச்சையாக எதைப் பார்த்தாலும் கீரையா என்று கிள்ளிப் பார்ப்பார்கள். ஃபாக்ஸ்குளோவ் என்று ஒன்று தானாகவே முளைக்கும், விரல் உறை மாதிரி ஊதாப் பூ கொத்தாகத் தொங்கும், பூக்காத முதல் வருடம் வெறும் இலைக் கொத்தாகத் தரையோடு கிடக்கும், அப்போதுதான் ஆபத்து. வில்லியம் வித்தரிங் என்ற வைத்தியர் 1785இல் அந்தச் செடியை உடம்பில் நீர் கோத்து வீங்குகிற நோய்க்குக் கொடுத்த அனுபவத்தை எழுதி வைத்தார். நான் வார்டில் கொடுக்கிற டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை அதன் ஒன்றுவிட்ட செடியிலிருந்து வருவது. நாடி நிமிடத்துக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுவோம், அத்தனை கூரான மருந்து. அழகான செடி, என் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் உன் பிள்ளை ஏழு வயது தாண்டட்டும். டாஃபொடில் கிழங்கும் அப்படித்தான், பார்த்தால் வெங்காயம், அதன் இளம் இலை வெங்காயத்தாள் மாதிரி, தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும். சமையல்கட்டில் வைக்காதே, தனிப் பையில் பெயர் எழுதி வை.

வாடகை வீடு என்பதால் தோண்டுவதற்கு முன்னால் வீட்டு உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அவர் சரி என்று எழுதினதைப் பத்திரமாக வை. வாயால் சொன்னது போதாது. எங்கள் முதல் வீட்டில் தோட்டத்தை மாற்றிவிட்டோம் என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், கையில் காகிதம் இல்லை. பெரிய புதரோ மரமோ வைக்காதே, காலி பண்ணும்போது தோண்டித் தொட்டியில் எடுத்துப்போகிற செடியாக வை. என் ஜெரேனியம் மூன்று வீடு மாறியிருக்கிறது.

டேலியா வைக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறாய். ஏற்காட்டில் பிறந்தவள் கேட்காமல் இருப்பாயா. நான் எட்டாவது படிக்கும்போது மே மாதக் கோடை விழாவுக்கு அப்பா எங்களை ஏற்காடு கூட்டிப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவு, தம்பி ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கொண்டே வந்து பதினாலாவதில் வாந்தி எடுத்தான். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு டேலியா, இதழ் இதழாக அடுக்கி வைத்தாற்போல. அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இந்தச் சிவப்பைச் சாயத்தில் கொண்டுவர முடியாது என்றார். இறங்கி வரும்போது ஒரு கிழங்கை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குகையில் எண்ணெய் டின்னில் நட்டோம், சேலத்து வெயிலில் அது முளை காட்டிக் கருகிவிட்டது. அடுத்த வருடமும் வாங்கிவந்தார். அதுவும் அப்படியே.

லெஸ்டரில் டேலியா வரும் கண்ணு, அப்படி வரும். கிழங்கைச் சித்திரையில் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் முளைக்க விட்டு, வைகாசி பிறந்ததும் பாத்திக்கு மாற்று. ஐப்பசிக் கடைசியில் உறைபனி இலையைக் கறுக்க வைத்ததும் தோண்டி, மண்ணை உதறி, காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி உறைபனி எட்டாத இடத்தில் வை. களிமண்ணில் விட்டால் அழுகும். என்னிடம் அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட அதே நிறம். முதல் தடவை பூத்தபோது படம் எடுத்து அனுப்பினேன், அப்பா அதைப் பெரிதாக அச்சுப் போட்டுத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். இப்போது இந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, நிறம் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

நான் மார்ச் இரண்டாவது வாரம் திரும்புகிறேன். டேலியாக் கிழங்கில் மூன்றும், ஜெரேனியத்தில் ஆறு ஏழு துண்டும் உனக்கென்று எடுத்து வைக்கிறேன். புரட்டாசி கை தவறினால் குளிர் விட்ட பங்குனியிலும் பிரிக்கலாம், ஒன்றும் ஆகாது. நீ ஊரிலிருந்து வந்ததும் எழுது, கறிவேப்பிலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போ. அதுவரை தயிர் டப்பா எதையும் தூக்கிப் போடாதே. வெயில் அடிக்கிறது என்று கடைப் பக்கமும் போகாதே.